வாசகர் கேள்வி: வீட்டு மரங்களுக்கு வயதாகும்போது

கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வீடு கட்டும் முன்பே நின்றிருந்த மரங்களையும், வீட்டோடு சேர்ந்து வளர்ந்து இன்று கூரையை மீறி நிற்கும் மரங்களையும் பற்றியவை. கன்று நடுவதற்கு வழிகாட்டப் பலர் இருக்கிறார்கள். முப்பது, நாற்பது ஆண்டுகள் கடந்த மரத்தை எப்படிப் பேணுவது என்று கேட்டால் "வெட்டிவிடுங்கள்" என்ற ஒரே பதில்தான் பலருக்கும் கிடைக்கிறது. அதனால் இம்முறை பக்கம் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வீட்டின் முன்புறம் நாற்பது வயதைக் கடந்த மாமரம் நிற்கிறது. சேறு ஆகாமல் இருப்பதற்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் முற்றம் முழுவதும் சிமென்ட் தளம் போட்டோம். தூரைச் சுற்றி ஒரு முழம் அளவுக்கு மட்டும் மண் விட்டிருக்கிறோம். சென்ற ஆண்டிலிருந்து உச்சிக் கொப்புகள் காய்கின்றன, இலைகளும் சிறுத்துவிட்டன. அந்த வட்டத்துக்குள் நாள்தோறும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. இது என்ன நோய்?

நோய் என்று நான் நினைக்கவில்லை, அம்மா. உங்கள் மரம் மூச்சுத் திணறுகிறது. தண்ணீர் ஊற்றியும் தாகத்தில் நிற்கிறது. ஆணிவேர் ஆழத்தில் இறங்கி மரத்துக்கு நீர் கொடுத்துக்கொண்டிருக்கும் என்று நாம் சிறுவயதில் படித்ததை அப்படியே நம்பிவிடுகிறோம். முதிர்ந்த மரம் ஒன்றில் நீரையும் சத்தையும் உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 30 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. அவை கிளைகள் நிழல் விழும் எல்லையோடு நின்றுவிடுவதும் இல்லை. இடம் கிடைத்தால் அதற்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தொலைவுக்கும் ஓடுகின்றன. நீங்கள் தண்ணீர் ஊற்றும் ஒரு முழ வட்டத்தில் மரத்தைத் தாங்கும் பருத்த வேர்கள்தாம் இருக்கின்றன. நீர் குடிக்கும் வேர்கள் எல்லாம் தளத்துக்கு அடியில் இருக்கின்றன. அங்கே மழைநீர் இறங்குவதில்லை, காற்று புகுவதில்லை. வேரும் உயிருள்ள உறுப்பு. அதற்கும் ஆக்சிஜன் வேண்டும்.

இப்படிப்பட்ட தளம் ஒன்றை உடைத்தபோது அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பெயர்த்தெடுத்த சிமென்ட் பலகையின் அடிப்பக்கத்தோடு ஒட்டி, விரல் பருமனான வேர்கள் பாய் பின்னியதுபோல் தட்டையாகப் படர்ந்திருந்தன. தளத்துக்கு அடியில் கசியும் சிறிதளவு ஈரத்தையும், ஜல்லிக்கு நடுவே தேங்கிய சிறிதளவு காற்றையும் தேடி அவை மேலே வந்திருந்தன. தளம் மேலெழும்பி விரிசல் விடுவதற்குக் காரணம் மரத்தின் முரட்டுத்தனம் என்று சொல்வார்கள். அன்று அந்த வேர்களைப் பார்த்தபின் எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து ஏன் வாடுகிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். பெரிய மரம் தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். ஆகவே வேரில் நேர்ந்த சேதம் உச்சியில் தெரிவதற்குள், சேதத்துக்கான காரணத்தையே வீட்டார் மறந்துவிடுகிறார்கள்.

இனிச் செய்யவேண்டியது இது. தளத்தை முடிந்த அளவு அகலமாகத் திறந்துவிடுங்கள். முற்றம் முழுவதும் முடியாவிட்டாலும், தூரிலிருந்து இரண்டு, மூன்று மீட்டராவது திறக்கவேண்டும். இயந்திரம் வேண்டாம்; கடப்பாரையால் பலகை பலகையாக நெம்பி எடுக்கச் சொல்லுங்கள். வெளிப்பட்ட வேர்களை அன்றைக்கே ஈரச் சாக்கினால் மூடி, மாலைக்குள் மக்கிய இலையுரம் கலந்த மண்ணை மெல்லியதாகத் தூவிவிடுங்கள். அதன்மேல் காய்ந்த இலை, மரத்துண்டு, வைக்கோல் இவற்றில் ஏதேனும் ஒன்றை 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். மூடாக்கு தூரைத் தொடக்கூடாது. தண்டு அடியில் அகன்று வேராகப் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரியவேண்டும். மண்ணையோ மூடாக்கையோ தண்டோடு அணைத்துக் குவித்தால் பட்டை ஈரத்தில் அழுகும். தினமும் இரண்டு குடம் என்பதை விட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை, தண்டிலிருந்து தள்ளி, குழாயை மெல்லத் திறந்துவைத்து நீண்ட நேரம் ஊறவிடுங்கள். மறுநாள் சிறு கரண்டியால் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். ஈரம் அங்கு வரை இறங்கியிருந்தால் போதும். உரக்கடைக்கு ஓடவேண்டாம். வேர் நொந்து நிற்கும் மரத்துக்குத் தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால், தாங்கமுடியாத அளவுக்குத் தளிரை விட்டு இருக்கும் சேமிப்பையும் செலவழித்துவிடும். காய்ந்த கொப்புகளை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு பருவம் பொறுத்திருங்கள்.

மரம் வீட்டைவிட இரண்டு மடங்கு உயர்ந்துவிட்டது. காற்றடிக்கும்போது இரவில் தூக்கம் வருவதில்லை. மரம் வெட்டுபவர் வந்து பார்த்துவிட்டு, "பாதி உயரத்தில் மொட்டையடித்துவிட்டால் பயமில்லை" என்கிறார். செய்யலாமா?

செய்யவேண்டாம். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் வழி அந்தப் பயத்தைச் சில ஆண்டுகள் தள்ளிவைத்துப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுக்கும்.

இலைதான் மரத்தின் சமையலறை. மொட்டையடித்த மரம் பட்டினியில் தவித்து, பட்டைக்கு அடியில் உறங்கிக்கிடந்த மொட்டுகளையெல்லாம் எழுப்பிவிடுகிறது. வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகப் போத்துகள் கிளம்புகின்றன. இயல்பாக வளர்ந்த கிளை ஆண்டுதோறும் தண்டோடு இழையோடு இழையாகப் பின்னி உள்ளே பதிந்திருக்கும். இந்தப் போத்துகளோ மேல் அடுக்கில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. சில ஆண்டுகளில் அவை தொடைப் பருமனாகிப் பழைய உயரத்தை எட்டிப்பிடிக்கும். அதற்குள் மொட்டையடித்த கட்டையின் தலைப்பகுதியில் மழைநீர் இறங்கி அழுகத் தொடங்கியிருக்கும். அழுகும் கட்டையின்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும் கனத்த கிளை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அது மட்டுமல்ல, அதுவரை நிழலில் இருந்த பட்டை திடீரென்று வெயிலில் பட்டு வெந்து உரிவதும் உண்டு.

உயரத்தைக் குறைத்தே ஆகவேண்டுமென்றால் கிளையைப் பாதியில் வெட்டாமல், அதிலிருந்து பிரியும் பக்கக் கிளை ஒன்றுவரை வெட்டிக் குறைக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கக் கிளை, வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். அப்போதுதான் அது தலைமையேற்று வளரும். ஓர் ஆண்டில் பசுங்கிளைகளில் கால் பங்குக்கு மேல் எந்த மரத்திலும் எடுக்கக்கூடாது. முதிர்ந்த மரத்தில் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்துவது நல்லது. காய்ந்த, ஒடிந்த, ஒன்றோடொன்று உரசும் கிளைகளை முதலில் எடுத்தாலே காற்றுக்கு வழி பிறந்துவிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வெட்டும் இடத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறு இங்கேதான் அதிகம். கிளை தண்டோடு சேரும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சட்டையின் கழுத்துப்பட்டி போல ஒரு மெல்லிய மேடு கிளையின் அடியைச் சுற்றி ஓடும். அதில் பட்டை சுருக்கம் விழுந்திருக்கும். புண்ணை மூடும் ஆற்றல் அந்த மேட்டில்தான் இருக்கிறது. மேட்டை விட்டுவிட்டு அதன் வெளி ஓரத்தில் வெட்டவேண்டும். பார்வைக்கு நேர்த்தியாக இருக்கவேண்டுமென்று தண்டோடு இழைத்தாற்போல் வெட்டினால் அந்த மேடு போய்விடுகிறது. ஒரு முழம் கட்டை விட்டு வெட்டினால் அந்தக் கட்டை மக்கி, அழுகலைத் தண்டுக்குள் அழைத்துச் செல்கிறது. கனமான கிளையை ஒரே அறுப்பில் எடுக்கவும் கூடாது. மேட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதலில் அறுத்துவிட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பாரம் இறங்கிவிடும். எஞ்சிய கட்டையை மூன்றாவது அறுப்பில் மேட்டின் ஓரமாக எடுக்கலாம். இல்லையென்றால் கிளை சாயும்போது தண்டின் பட்டையை ஒரு மீட்டர் நீளத்துக்கு உரித்துக்கொண்டே விழும்.

வெட்ட வருபவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு ஏறுவீர்களா? எந்தெந்தக் கிளையை, எதற்காக எடுப்பீர்கள்? ஒவ்வோர் அடியிலும் உயிருள்ள பட்டையைத் துளைத்துக்கொண்டு ஏறுகிறவரிடமும், இரண்டாம் கேள்விக்குக் காரணம் சொல்ல முடியாதவரிடமும் நிற்கும் மரத்தை ஒப்படைக்காதீர்கள்.

ஊஞ்சல் கட்டியிருக்கிறோம். கயிற்றால் சுற்றிக் கட்டுவதா, ஆணி அடிப்பதா, எது மரத்துக்குக் குறைந்த தீங்கு?

கேட்பதற்கு வியப்பாக இருக்கும். கிளையை ஊடுருவித் துளையிட்டுப் பொருத்தும் ஒற்றைப் போல்ட்டே தீங்கு குறைந்தது. அந்தச் சிறு புண்ணை மரம் சுற்றி அடைத்துக்கொள்ளும். இறுக்கிக் கட்டிய கயிறும் கம்பியும் கிளை பருக்கப் பருக்கப் பட்டைக்குள் புதைந்து, இலையில் உண்டான உணவு கீழே இறங்கும் வழியை வளையமாக அறுத்துவிடும். விளக்குச் சரம், பெயர்ப்பலகைக் கம்பி, கொடிக்கயிறு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இன்றே போய் அவிழ்த்துவிடுங்கள்.

தண்டில் கை நுழையும் அளவுக்குப் பொந்து விழுந்துவிட்டது. உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து செங்கல்லும் சிமென்ட்டும் வைத்துப் பூசலாம் என்று கொத்தனார் சொல்கிறார். வெட்டிய இடங்களில் தார் பூசவும் சொல்கிறார்கள்.

இந்த இரண்டையும் நானே செய்திருக்கிறேன். என் இளமைக் காலத்தில், எங்கள் வீட்டு வேம்பின் பொந்தை உளியால் வெள்ளை மரம் தெரியும்வரை சுரண்டி, சிமென்ட் வைத்துப் பூசி, கடமையைச் சரியாகச் செய்துவிட்டதாக நிம்மதி அடைந்தேன். பல ஆண்டுகள் கழித்து அந்த மரம் சாய்ந்தபோது அறுத்துப் பார்த்தோம். சிமென்ட் கட்டி அப்படியே இருந்தது. அதைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி, அந்த இடைவெளி முழுவதும் ஈரமான கறுத்த சக்கை. காற்றில் அசையும் மரத்தின் நடுவே அசையாத ஒரு கல்லை வைத்திருக்கிறேன். அது உள்ளிருந்து உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தக் காட்சி இன்னும் என் நினைவில் இருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நமக்குக் காயம்பட்டால் சதை புதிதாக வளர்ந்து புண் ஆறுகிறது. மரத்துக்கு அந்த வழி இல்லை. அது புண்பட்ட பகுதியைச் சிறைவைத்துவிட்டு அதன்மேல் புதிதாக வளர்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ (1930–2006) ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து ஆராய்ந்து, 1977ஆம் ஆண்டு இதைத் தெளிவாக விளக்கினார். புண்பட்டதும் மரம் மேலும் கீழும், உள்நோக்கியும், பக்கவாட்டிலும் வேதிப்பொருள்களால் சுவர் எழுப்புகிறது. அதன்பின் உருவாகும் புதிய மரப்படலம் நான்காவது சுவராகிறது, எல்லாவற்றிலும் உறுதியானது அதுதான். நான் உளியால் சுரண்டியபோது உடைத்தது அந்தச் சுவர்களைத்தான். பொந்தில் தேங்கும் நீர் வடியட்டும் என்று துளை போடுவதும் அதே தவறு. தாரும் பெயின்ட்டும் அழுகலைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சணத்துக்கு வசதி செய்து கொடுக்கின்றன. சில வட்டாரங்களில், புதிய வெட்டைத் தேடிவரும் குறிப்பிட்ட பூச்சிகளால் பரவும் நோய் இருந்தால் மட்டும் மெல்லிய பூச்சு பரிந்துரைக்கப்படுகிறது. மற்றபடி சரியான இடத்தில் வெட்டிய வெட்டைத் திறந்தே விடுங்கள்.

பொந்து இருப்பதாலேயே மரம் சாகப்போகிறது என்று பொருளில்லை. உயிரோட்டம் வெளி அடுக்குகளில்தான். நடுவில் வைரம் பாய்ந்த பகுதி உயிரற்ற தூண். குழாய் உள்ளீடற்றதாக இருந்தும் வலுவாக இருப்பதுபோல, பொந்து மரமும் நெடுங்காலம் நிற்கும். ஓரளவுக்கு வழிகாட்டும் கணக்கு ஒன்று உண்டு: தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுக்காவது நல்ல மரம் சுற்றிலும் இருக்கவேண்டும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டென்றால் 10 சென்டிமீட்டர் சுவர். ஆனால் உங்கள் பொந்துக்கு வெளியே வாய் திறந்திருக்கிறது; வாய் அகலமாக அகலமாக இந்தக் கணக்கு பொருந்தாது. மரச் சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டிக் கேளுங்கள். வெற்றொலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்துவைத்து, ஒலி அலைகளைச் செலுத்தி உட்புறத்தை அளக்கும் கருவி வைத்திருக்கும் மரவியல் வல்லுநர் ஒருவரிடம் காட்டுங்கள்.

மாமரத்தின் நடுவே வேறு இலையோடு ஒரு செடி முளைத்து மரத்தையே மூடுகிறது. பிடுங்கினாலும் மீண்டும் வருகிறது.

புல்லுருவி. பறவைகள் அதன் பழத்தைத் தின்று, பசையோடு கூடிய விதையைக் கிளையில் விட்டுச் செல்கின்றன. முளைத்தபின் பட்டையைத் துளைத்து மரத்தின் நீர்க்குழாயோடு தன்னை இணைத்துக்கொள்கிறது. ஆகவே வெளியே தெரியும் செடியைப் பிடுங்குவதால் பயனில்லை. அது ஒட்டிய இடத்துக்குக் கீழே, தண்டை நோக்கி ஒரு முழம் தள்ளிக் கிளையையே வெட்டி எடுக்கவேண்டும். தண்டிலேயே ஒட்டியிருந்தால், ஆண்டுதோறும் பழம் பழுக்கும் முன் செடியைச் செதுக்கி வலுவிழக்கச் செய்வதே வழி. மரத்தில் படரும் மணிபிளான்ட் போன்ற கொடிகளை இதோடு சேர்க்காதீர்கள். அவை மரத்தின் சத்தை உறிஞ்சுவதில்லை. இருந்தாலும் தூரையும் பொந்தையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுவதால், தலைக்கு மேல் உயரம்வரை அவற்றை எடுத்துவிடச் சொல்வேன்.

வீட்டுக்கும் மரத்துக்கும் இடையே நான்கு மீட்டர் இடைவெளி. அங்கே கார் நிறுத்தக் கூரை அமைக்க அடித்தளம் தோண்டவேண்டும். வேர் அஸ்திவாரத்தைப் பிளந்துவிடும், அதனால் அந்தப் பக்கத்து வேர்களை இப்போதே வெட்டிவிடலாம் என்கிறார்கள்.

வேர் கல்லைப் பிளக்கும் என்பது பாதி உண்மை. விரிசல் ஏற்கெனவே இருந்தால் அதில் நுழைந்து பருக்கும். உறுதியான அஸ்திவாரத்தை முட்டி உடைப்பது அரிது. கழிவுநீர்க் குழாயிலும் அப்படித்தான், கசியும் இணைப்பில் நுழையுமே தவிர நல்ல குழாயைத் துளைக்காது. உண்மையான இடர் களிமண் நிலத்தில் இருக்கிறது. அந்த மண் ஈரத்தில் வீங்கி வறட்சியில் சுருங்கும்; மரம் நீரை உறிஞ்சும்போது அஸ்திவாரத்துக்கு அடியில் மண் ஒருபுறம் சுருங்கிச் சுவர் விரிசல் விடலாம். அத்தகைய நிலத்தில் பெரிய மரத்தை ஒரேயடியாக வெட்டிவிட்டால், மண் மீண்டும் வீங்கிச் சுவரைத் தூக்குவதும் உண்டு. ஆகவே முதலில் உங்கள் மண் என்ன மண் என்று ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து ஓர் அளவு. தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவை அளந்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம். அதன் 12 மடங்கு ஆரத்துக்குள் இருக்கும் மண்ணை மரத்தின் உயிர்நிலமாகக் கருதவேண்டும். சுற்றளவு 157 சென்டிமீட்டர் என்றால் விட்டம் 50, காக்கவேண்டிய ஆரம் 6 மீட்டர். நீங்கள் தோண்ட நினைக்கும் இடம் இதற்குள் வந்துவிடும். அதற்காகக் கூரையைக் கைவிடவேண்டியதில்லை. நீளமாகக் குழி வெட்டும் அடித்தளத்தைத் தவிர்த்து, தனித்தனித் தூண்களில் நிற்கும் அமைப்பைக் கேளுங்கள். தூண் குழிகளைக் கையால் தோண்டி, பருத்த வேர் குறுக்கிட்டால் தூணை ஒரு சாண் நகர்த்திவிடலாம். 5 சென்டிமீட்டருக்கு மேல் பருமனுள்ள வேரை வெட்டாதீர்கள். சிறிய வேரை வெட்டியே ஆகவேண்டுமென்றால் கூரிய ரம்பத்தால் வெட்டுங்கள், மண்வாரி இயந்திரம் பிய்த்தெறிய விடாதீர்கள். தண்டின் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு தொலைவுக்குள், அதாவது இந்தக் கணக்கில் ஒன்றரை மீட்டருக்குள், எந்த வேரையும் தொடவே கூடாது. மரத்தை நிறுத்திவைத்திருப்பவை அவைதாம். அந்தப் பக்கத்து வேர்களை வெட்டினால், வீட்டைக் காப்பதாக நினைத்து மரத்தை வீட்டின்மேலேயே சாய்த்துவிட நேரலாம்.

வேலை நடக்கும் நாட்களில் அந்த ஆறு மீட்டருக்குள் மணல், செங்கல் குவிக்கவும், வண்டி ஏற்றவும், சிமென்ட் கலந்த கலங்களைக் கழுவி ஊற்றவும் இடம் கொடுக்காதீர்கள். முதல் நாளே நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். சொல்லை மறப்பார்கள், கயிற்றைக் கண்டால் நிற்பார்கள்.

எங்கள் மரம் நான் சிறுவனாக இருந்த காலத்திலிருந்தே சற்றுச் சாய்ந்துதான் நிற்கிறது. சென்ற வாரப் பெருமழைக்குப் பின் இன்னும் சாய்ந்ததுபோல் தோன்றுகிறது. தூரில் விசிறி போன்ற கெட்டியான காளானும் முளைத்திருக்கிறது. பயப்படவேண்டுமா?

பழைய சாய்வுக்குப் பயப்படவேண்டாம். ஒளியைத் தேடிச் சாய்ந்து வளர்ந்த மரம், உச்சியைப் பிறகு நிமிர்த்திக்கொண்டு, அதற்கேற்ற மரப்படலத்தைத் தண்டிலும் வேரிலும் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டிருக்கும். புதிய சாய்வு வேறு. இன்றே போய்ச் சாய்வுக்கு எதிர்ப்புறத்து மண்ணைப் பாருங்கள்: மண் மேடாக எழும்பியிருக்கிறதா, தூரைச் சுற்றி வளைவாக வெடிப்பு விட்டிருக்கிறதா, காற்றடிக்கும்போது அந்த மண் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்குகிறதா? தண்டுக்கும் மண்ணுக்கும் இடையே புதிய இடைவெளி விழுந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வேர்ப்பிடி தளர்ந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

தூரில் முளைக்கும் விசிறிக் காளான் அதைவிட நம்பத்தகுந்த சாட்சி. வெளியே தெரிவது அதன் பழம்போன்ற பகுதி மட்டுமே. உள்ளே அடித்தண்டையோ வேரையோ அந்தப் பூஞ்சணம் பல ஆண்டுகளாகத் தின்றுகொண்டிருந்திருக்கும். இலை பச்சையாக, தளதளவென்று இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம். நீர் கடத்தும் வேர் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் இலை பசுமையாகவே இருக்கும், தாங்கும் வேர் அதற்கு முன்பே போயிருக்கலாம். காளானைப் பிடுங்கி எறியாதீர்கள், எந்த வகை என்று பார்க்க வல்லுநருக்கு அது தேவைப்படும்.

மரங்களைக் காக்கவேண்டும் என்றே இந்தப் பக்கத்தில் எப்போதும் எழுதிவருகிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அறிகுறிகளும் ஒன்றாக வந்திருப்பதால், இந்த வாரமே தகுதியான ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். கிளைப்பாரத்தைக் குறைத்தால் போதுமா, அகற்றியே ஆகவேண்டுமா என்பதை அவர் வேரைத் தோண்டிப் பார்த்துச் சொல்லட்டும். அகற்றுவதற்கு உங்கள் ஊர் நிர்வாகத்தின் அனுமதி தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை மரம் சாய்ந்திருக்கும் பக்கத்து அறையில் யாரும் உறங்கவேண்டாம். குழந்தைகளையும் அந்தப் பக்கம் விளையாட விடாதீர்கள்.